துண்டு போய் சுயவிபரம் வந்தது
(கொஸ்லந்தையில் தோட்டத்து இளைஞர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலைக்கு விண்ணப்பம் போடும்போது கூடவே வைக்கும் சுயவிபரத்தைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். "ஒரு தாள் எழுதுறதுக்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். ஒரு தாள் என்ன செய்யும் என்பது நம்ம பாட்டன் பூட்டன்மாருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக "துண்டு" வேண்டும். இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுகிறோம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். அந்தத் தோட்டம் பணத்தைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் மட்டும் மறுபடியும் தொழிலாளி தலையிலேயே ஏறும். 1921 ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்தத் துண்டு முறையை ஒழித்தது.

துண்டில் இருந்தது நம் கடன். அதை எழுதியது வேறு ஆள். சுயவிபரத்தில் இருப்பது நம் திறமை. அதை எழுதுவது நாமே. ஆகவே பக்கத்து வீட்டு அண்ணன் எழுதியதைப் பார்த்து அப்படியே பேரை மட்டும் மாற்றி எழுதுவது சரியில்லை. அது அந்த அண்ணனின் தாளே தவிர உங்கள் தாள் ஆகாது.

பேரும் பத்திரங்களும்

முதலில் பேர். நம்ம பிள்ளைகள் பலருக்கு பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், பள்ளிக்கூட இடாப்பில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர். சிங்களத்தில் பதிந்ததை மறுபடி தமிழில் எழுதும்போது எழுத்து மாறிவிடுகிறது. வேலை கிடைத்த பிறகு பத்திரம் பார்க்கும்போதுதான் இந்தச் சிக்கல் வெளியே வரும். ஆகவே பேரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். பத்திரங்களில் வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் இப்போதே போய்த் திருத்த வழி கேளுங்கள். வேலைக்குக் கூப்பிட்ட பிறகு ஓடினால் நேரம் காணாது. ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவு 1999 இல் இருமொழிப் பிரிவாக அறிவிக்கப்பட்டது. அங்கே தமிழில் எழுதிக் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. கூச்சப்பட வேண்டாம்.

சில படிவங்களில் பிரஜாவுரிமை என்று ஒரு கட்டம் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் "இந்தியத் தமிழர்" என்று இருப்பதைப் பார்த்து இங்கேயும் இந்தியர் என்று எழுதிவிடுகிறார்கள். அது இனத்தைக் குறிப்பது. நாட்டைக் குறிப்பது அல்ல. 1948 இல் பறிபோன பிரஜாவுரிமைக்காக நம் மக்கள் பட்ட பாடு கொஞ்சமா? எஞ்சியிருந்தவர்களுக்கும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. ஆகவே அந்தக் கட்டத்தில் "இலங்கையர்" என்று தெளிவாக எழுதுங்கள்.

முகவரி

சில பிள்ளைகள் லயத்து முகவரியை எழுத வெட்கப்பட்டு கொழும்பில் தெரிந்த கடையின் முகவரியைப் போடுகிறார்கள். கடிதம் அங்கே கிடந்து தூசி பிடிக்கும். வேறு சிலர் தோட்டத்தின் பேரை மட்டும் எழுதுவார்கள். ஒரு தோட்டத்தில் அதே பேரில் நாலு பேர் இருப்பார்களே, தபால்காரர் என்ன செய்வார்? பேர், லயத்தின் இலக்கம், டிவிஷன், தோட்டம், தபால் நிலையம் என்று வரிசையாக எழுதுங்கள்.

தோட்டக் காரியாலயத்துக்கு வந்து அங்கிருந்து கடிதம் கைக்குக் கிடைப்பதற்குள் நேர்முகப் பரீட்சை முடிந்துவிட்ட கதைகள் நமக்குத் தெரியும். அதற்காகத்தான் தொலைபேசி இலக்கம். இரண்டு இலக்கம் கொடுங்கள். ஒன்று உங்களுடையது, மற்றது வீட்டில் எப்போதும் இருக்கும் ஒருவருடையது. விண்ணப்பம் போட்ட பிறகு சிம்மை மாற்றாதீர்கள். வாரத்துக்கு ஒரு தரம் காரியாலயத்திலும் தபால் நிலையத்திலும் போய்க் கேளுங்கள்.

படிப்பு

கடைசியாகப் படித்ததை முதலில் எழுதுங்கள். க.பொ.த. சாதாரண தரத்தில் எந்த ஆண்டு தோற்றினீர்கள், எந்தப் பாடத்தில் என்ன பெறுபேறு என்று எழுதுங்கள். கணிதம் சித்தியில்லை என்றால் சித்தி என்று போடாதீர்கள். பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்தில் சரிபார்க்க முடியும். ஒரு பொய் பிடிபட்டால் மற்ற உண்மைகளையும் நம்பமாட்டார்கள்.

படிப்பை இடையில் விட்டவர்கள் மனம் தளர வேண்டாம். 2004 இல் இருந்து நம் நாட்டில் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. முறை இருக்கிறது. ஏழு மட்டங்கள். பயிற்சி நிலையத்துக்குப் போகாமல் வேலையிலேயே தொழில் பழகியவர்களும் திறமையைச் செய்து காட்டி இந்தச் சான்றிதழைப் பெற வழி உண்டு. மேசன், மின்சார வேலை, தையல், சமையல் தெரிந்தவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

வேலை அனுபவம்

இங்கேதான் நம்ம பிள்ளைகள் தங்களைத் தாங்களே குறைத்துக் கொள்கிறார்கள். "தோட்ட வேலை, 3 வருடம்" என்று ஒரே வரி. இல்லாவிட்டால் "அனுபவம் இல்லை."

பெக்டரியில் வேலை செய்த ஒரு தம்பியை எடுத்துக்கொள்வோம். கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, காயவைப்பது, சலித்துத் தரம் பிரிப்பது என்று எதில் நின்றார்? எந்த மெஷினை ஓட்டினார்? பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்று தரம் பார்க்கத் தெரியுமா? ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போகும் என்ற கணக்கு அவருக்கு விரல் நுனியில் இருக்கும். அதெல்லாம் அறிவு. எழுதினால்தானே மற்றவருக்குத் தெரியும்?

பிள்ளை மடுவத்தில் உதவி செய்த தங்கச்சி எத்தனை பிள்ளைகளைப் பார்த்தார் என்று எழுதலாம். கொழும்புக் கடையில் நின்றவர் பில் போட்டாரா, சாமான் கணக்கு வைத்தாரா, காசு கையாண்டாரா என்று எழுதலாம். மரணாதார சங்கத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ கணக்கு எழுதியிருந்தால் அதுவும் அனுபவம்தான்.

ஆனால் எல்லாவற்றையும் எல்லா இடத்துக்கும் எழுதத் தேவையில்லை. இத்தாலியில் லியனார்டோ டா வின்சி என்ற பெரிய ஓவியர் ஏறக்குறைய 1482 இல் மிலான் ஆட்சியாளரிடம் வேலை கேட்டுக் கடிதம் எழுதினார். அந்த ஆட்சியாளருக்குப் போர்க்காலத் தேவைகள் இருந்தன. ஆகவே பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன் என்றெல்லாம் முன்னால் எழுதி, ஓவியம் வரைவதைக் கடைசியில்தான் சொன்னார். வேலை கொடுப்பவருக்கு என்ன தேவையோ அது முன்னால் வரவேண்டும். ஹோட்டல் வேலைக்கு ஒரு தாள், காரியாலய வேலைக்கு இன்னொரு தாள். இரண்டும் உண்மையாக இருக்கவேண்டும். வரிசை மட்டும் மாறலாம்.

மொழி

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். பேசுவேன், வாசிப்பேன், எழுதுவேன் என்று பிரித்துச் சொல்லுங்கள். நம்ம பிள்ளைகள் பலர் சிங்களம் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் எழுத வராது. அதை அப்படியே எழுதலாம். இரண்டு மொழி பேசும் ஆளைக் கடையும் வங்கியும் ஆஸ்பத்திரியும் தேடுகின்றன.

சான்று சொல்பவர்கள்

உறவுக்காரர் அல்லாத இரண்டு பேரின் பேரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் கொடுங்கள். அதிபர், ஆசிரியர், தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர், முன்பு வேலை கொடுத்தவர் யாராகவும் இருக்கலாம். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "எனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாதே" என்று போனில் ஒரு வார்த்தை வந்தால் எல்லாம் வீணாகிவிடும்.

கடைசியில் விபரங்கள் யாவும் உண்மை என்று ஒரு வரி, திகதி, கையொப்பம். மொத்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அசல் பத்திரங்களை யாருக்கும் அனுப்பாதீர்கள், தரகர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பிரதி போதும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் மண் சரிந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. உயிர்களோடும் லயங்களோடும் சேர்ந்து பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த தாள்களும் மண்ணுக்குள் போயின. போன உயிருக்கு ஈடில்லை. ஆனால் பிழைத்தவர்கள் தாம் யார் என்று காட்டவே ஒரு தாளும் இல்லாமல் நிற்கும் நிலை மறுபடி வரக்கூடாது. எல்லாப் பத்திரங்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். போனில் படம் பிடித்தும் வைக்கலாம்.

இன்னொன்று. பிள்ளை சுயவிபரம் எழுதும்போது "எனக்கு எழுத்து வாசனை இல்லை" என்று ஒதுங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை என்னென்ன வேலை செய்தது, எப்போது செய்தது என்று உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். நீங்கள் சொல்ல, பிள்ளை எழுதட்டும். எழுதி முடித்ததும் ஆசிரியர் ஒருவரிடம் காட்டிப் பிழை திருத்துங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.