மருத்துவக் கோப்பில் இல்லாத கேள்விகள்

இன்று பட்டம் பெறும் மருத்துவ, செவிலிய, இயன்முறை, மருந்தியல் மாணவச் செல்வங்களே!

இந்த மேடையில் கனவையும் இலட்சியத்தையும் பற்றிப் பேசுவது வழக்கம். நான் முதியோர் மருத்துவன். இடுப்பெலும்பு, மாத்திரை டப்பா, ஈரமான குளியலறைத் தரை ஆகியவற்றைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும். பொறுத்தருளுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031இல் அது 18 பேராக உயரும் என்று மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு கணித்திருக்கிறது. பிறப்பு விகிதம் இங்கே வெகுகாலமாகக் குறைந்துகொண்டே வருகிறது. பிறந்த ஒன்றிரண்டு பிள்ளைகளும் வேலை தேடி ஓசூருக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விடுகிறார்கள். ஆகவே, குழந்தை மருத்துவமும் மகப்பேறும் நீங்கலாக, நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் உங்கள் அறை வாசலில் நரைத்த தலைகளே மிகுதியாகக் காத்திருக்கும்.

இதை முன்கூட்டியே உணர்ந்த ஒருவர் நம்மிடையே இருந்தார். பேராசிரியர் வி.எஸ். நடராஜன் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். முதுமைக்குத் தனி மருத்துவம் எதற்கு என்று பலரும் கேட்ட காலம் அது. பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே அத்துறையில் பட்டமேற்படிப்பும் வந்தது. அந்த விதை விழுந்த மண்ணில்தான் நீங்கள் பட்டம் பெறுகிறீர்கள்.

நோய்த்தடுப்பு என்றதும் நம் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மாஸ்டர் செக்கப். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்து, கனத்த கோப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அதில் கொழுப்பின் அளவு இருக்கும், சிறுநீரகத்தின் அளவு இருக்கும். 'போன வருஷம் எங்கேயாவது விழுந்தீர்களா?' என்ற கேள்வி பெரும்பாலும் இருக்காது. 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வார்டில் நீங்கள் திரும்பத் திரும்பப் பார்த்த கதைதான் இது. 74 வயதுத் தாத்தாவுக்கு ரத்த அழுத்தத்துக்காக அம்லோடிபின் தருகிறோம். சில வாரங்களில் கணுக்கால் வீங்குகிறது. அது அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு. ஆனால் வேறொரு மருத்துவர் வீக்கத்தை மட்டும் பார்த்து, நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதுகிறார். அதனால் இரவில் நான்கைந்து முறை எழுந்து போக வேண்டியிருக்கிறது, தூக்கம் கெடுகிறது. தூக்கத்துக்கு இன்னொரு மாத்திரை வருகிறது. ஒருநாள் நள்ளிரவில் எழுந்தவருக்குத் தலை சுற்றுகிறது, கழிவறை வாசலில் விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். உண்மையில் அவரை வழுக்கவைத்தது நாம் எழுதிய மருந்துச் சீட்டு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு மாத்திரைக்கும் நியாயம் உண்டு. வீக்கத்தைக் கண்ட அன்றே 'முதல் மாத்திரையை மாற்றலாமா' என்று யாரேனும் கேட்டிருந்தால் தாத்தா இன்றும் மாலையில் டீக்கடை வரை நடந்துபோய் வந்துகொண்டிருப்பார். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். அறுவை சிகிச்சை நேர்த்தியாக நடந்தாலும் இந்த ஆபத்து முழுதாக நீங்கிவிடுவதில்லை.

ஆகவே, முதியோரின் நோய்த்தடுப்புக்கு முதல் கருவி கேள்விதான். அதையும் கேட்கிற விதமாகக் கேட்க வேண்டும். 'பாட்டி, விழுந்தீங்களா?' என்றால், 'அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி' என்பார். மகன் பக்கத்தில் இருந்தால் இன்னும் அழுத்தமாகச் சொல்வார், தனியாக வெளியே போகவிட மாட்டார்களே என்ற பயம். 'எங்கயாவது கால் தடுமாறுச்சா, எதையாவது பிடிச்சுக்க வேண்டியிருந்துச்சா?' என்று கேளுங்கள். 'ஒருநாள் லேசா சறுக்கிடுச்சு, துளசி மாடத்தைப் பிடிச்சுக்கிட்டேன்' என்று வரும்.

பிறகு அவரை நாற்காலியிலிருந்து எழுந்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டென்று கொள்ளுங்கள். படுக்கவைத்து ஒருமுறையும் நிற்கவைத்து ஒருமுறையும் ரத்த அழுத்தம் பாருங்கள். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 குறைந்தால், தலைசுற்றலுக்கு வேறு காரணம் தேடும் முன் மாத்திரைகளைத் திரும்பிப் பாருங்கள். இவற்றுக்கு வேண்டியவை ஒரு நாற்காலியும் ஒரு கைக்கடிகாரமும் ரத்த அழுத்தக் கருவியும்தான்.

விரதத்தையும் கேளுங்கள். கிருத்திகைக்குச் சாப்பாட்டை விடுகிற பாட்டி, டாக்டர் சொன்னதாயிற்றே என்று சர்க்கரை மாத்திரையை விடமாட்டார். மதியத்தில் சர்க்கரை இறங்கி, வேர்த்து மயங்கி விழுந்தால் வீட்டார் மோர் கொடுத்துப் படுக்கவைப்பார்கள். கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளை முதியோருக்குத் தவிர்க்கச் சொல்கிறது 1991இல் மார்க் பியர்ஸ் உருவாக்கிய பட்டியல். இன்றுவரை அது புதுப்பிக்கப்பட்டு வருகிறது. மருந்தியல் படித்தவர்களே, அந்தப் பட்டியல் உங்கள் மேசையில் இருக்கட்டும். மருத்துவர் எழுதிய சீட்டைக் கேள்வி கேட்கும் உரிமையை இன்றைய பட்டம் உங்களுக்குத் தருகிறது.

தட்டில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். பல் போன பிறகு ரசம் சாதமும் இட்லியுமே உணவாகிவிடுகிறது. சிறுநீரகம் நன்றாக இருக்கிற முதியவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். பருப்பைக் குழைய வேகவைத்துக் கொடுத்தால் அவரால் சாப்பிட முடியும். முட்டையும் தயிரும் பல் கேட்பதில்லை.

இயன்முறை மாணவர்களுக்கு ஒரு செய்தி. 2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, உடற்பயிற்சி முதியோர் விழுவதை 23 விழுக்காடு குறைப்பதாகச் சொல்கிறது. சமநிலைப் பயிற்சியும் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியும்தான் அதில் பெரும்பங்கு. ஆனால் நம் ஊரில் மூட்டு வலிக்காரருக்கு 'ரெஸ்ட் எடுங்க' என்று இன்னமும் சொல்லி அனுப்புகிறோம்.

காது கேளாமையையும் சாதாரணமாக விடாதீர்கள். 2024இல் லான்செட் குழு வெளியிட்ட அறிக்கை, மறதிநோய்க்கு வழிவகுக்கும் மாற்றக்கூடிய 14 காரணிகளில் அதையும் சேர்த்திருக்கிறது. நம் அரசுத் தடுப்பூசி அட்டவணை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மையமாகக் கொண்டது. அதனால் இன்புளுயன்சா, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி முதியவருக்கு நீங்களாக எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

அரசின் பக்கமும் பார்ப்போம். 70 வயது நிறைந்த எல்லோருக்கும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு 2024இல் வந்தது. நல்ல திட்டம். ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்த பின் ஆகும் செலவுக்கு. முறிந்த எலும்புக்குப் பணம் உண்டு. குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தக் கிடையாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது. பிரஷர் மாத்திரை கொடுக்க வீட்டுக்குள் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர், மருத்துவர் ஒருநாளும் பார்க்காததைப் பார்க்கிறார்: இருட்டான நடை, வழுக்கும் தரை, மூன்று மாதமாகப் பிரிக்கப்படாத மாத்திரை அட்டை. அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் மருத்துவரும் செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தால், அந்தத் திட்டம் மருந்து விநியோகம் என்ற நிலையிலிருந்து நோய்த்தடுப்பாக உயரும்.

அன்புச் செல்வங்களே, இந்த வேலையில் புகழ் குறைவு. விழாமல் இருந்த பாட்டி உங்களுக்கு நன்றி சொல்ல வரமாட்டார், விழாமல் இருந்தது உங்களால்தான் என்பது அவருக்குத் தெரியாது. ஆனாலும் செய்யுங்கள். 'வயசானா அப்படித்தான்' என்ற வாக்கியத்தை மட்டும் உங்கள் வாயால் சொல்லாதீர்கள். தடுமாற்றம், மறதி, காது மந்தம் எதுவானாலும் காரணம் தேடிய பிறகே வயதின் மேல் பழி போடுங்கள். பணியில் சேரும் முதல் வாரத்தில், உங்கள் முன் வந்து உட்காரும் முதியவரிடம் மாத்திரைகள் அத்தனையையும் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எதற்கு என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள், தேவையில்லாததை நிறுத்துங்கள். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் பாட்டியின் பையிலிருந்தே தொடங்கலாம்.

நீடு வாழ்க, பிறரையும் நலமாய் வாழவையுங்கள்.