கொல்லிமலைப் பேச்சும் நாட்டு எல்லைகளும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வழங்குவது தமிழின் மலைவழக்கு. ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்த இம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள். இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர். சேர்வராயன், பச்சைமலை, கல்வராயன், சவ்வாது மலைகளிலும் இம்மக்கள் வாழ்கின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இவர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. அதை மொழியைக் கொண்டு சோதித்துப் பார்க்க முடியும். மலைகள்தோறும் வழங்கும் பேச்சுகள் ஒரே மூலத்தவையானால், அருகிலுள்ள சமவெளிப் பேச்சில் இல்லாத பொதுக்கூறுகள் அவற்றில் இருக்க வேண்டும். இல்லையெனில் ஒவ்வொரு மலையும் தன் அடிவாரத்துப் பேச்சையே ஒத்திருக்கும். இவ்விரண்டில் எது உண்மை என்பதை அறிய எல்லா மலைகளின் பேச்சையும் ஒரே முறையில் திரட்ட வேண்டும்.

அவ்வகைத் திரட்டலுக்கு முன்னோடி ஜெர்மனி. வடக்கே தாழ்நிலத்துத் தாழ் ஜெர்மன், நடுவே இடை ஜெர்மன், தெற்கே பவேரிய, அலமானிய வழக்குகள் எனப் பிரிந்து கிடந்த மக்களுக்கு, 1522இல் வெளிவந்த லூத்தரின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு பொது எழுத்துமொழிக்கு வலுச் சேர்த்தது. பேச்சு மட்டும் ஊருக்கு ஊர் வேறாகவே நின்றது. அதைப் பதிவு செய்ய மொழியியலார் கேயோர்க் வெங்கர் 1876இல் ரைன் பகுதிப் பள்ளி ஆசிரியர்களுக்கு வாக்கியங்களை அனுப்பி, உள்ளூர்ப் பேச்சில் எழுதித் தரக் கேட்டார். பின்னர் 40 வாக்கியங்களாக அமைந்த அந்தப் பட்டியலுக்கு நாடெங்கும் 40,000க்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து விடை வந்தது. காதால் கேட்காமல் எழுத்தை நம்பியது இம்முறையின் குறை. ஒரே கேள்வியை எல்லா ஊரிலும் கேட்டது இதன் வலிமை.

அவ்விடைகளைக் கொண்டு வரைந்த வரைபடங்கள் தந்த முடிவு கொல்லிமலைக்கு நேரடியாகப் பொருந்துவது. 'செய்' எனும் பொருளுடைய சொல் வடக்கே 'மாக்கன்', தெற்கே 'மாஹன்'. இன்று டுசெல்டோர்ஃபின் ஒரு பகுதியான பென்ராத் வழியே அவ்வெல்லை செல்கிறது. ரைன் ஆற்றை ஒட்டி இத்தகைய எல்லைக்கோடுகள் ஒன்றாக ஓடாமல் விசிறிபோல் விரிகின்றன. கொலோன், டிரியர் பேராயர்களின் பழைய ஆட்சிப் பகுதிகளோடு இக்கோடுகளைத் தொடர்புபடுத்திக் காட்டினார் மொழியியலார் தியோடர் ஃபிரிங்ஸ். ஆறும் மலையும் மட்டும் பேச்சைப் பிரிப்பதில்லை. மக்கள் யாரோடு கூடி வாழ்ந்தனர், யாருடைய ஆட்சிக்குக் கட்டுப்பட்டனர் என்பதும் பிரிக்கும்.

கொல்லிமலையில் அந்தக் கூடிவாழ்வின் அலகு 'நாடு'. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, வளப்பூர் நாடு, பைல் நாடு முதலியவை இன்றும் ஊராட்சிப் பெயர்களாக நிற்கின்றன. பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்ற தலைமைகள் இவ்வமைப்பைச் சேர்ந்தவை. பேச்சின் எல்லைகள் நாட்டின் எல்லைகளோடு ஒத்துச் செல்கின்றனவா என்பதே இம்மலையில் ஆராய வேண்டிய முதற்கேள்வி.

அதற்கான அடிப்படை ஏற்கெனவே உண்டு. கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வு சென்னை மாகாணத்தை நேரடியாக ஆய்வு செய்யாததால், தமிழின் வட்டார வழக்குகளுக்கு அது உரிய இடம் தரவில்லை. அக்குறையை நிரப்பும் பணியில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறை முன்னின்றது. கி. கருணாகரன் கொல்லிமலைத் தமிழ் வழக்கைப் பற்றி எழுதிய நூல் அங்கிருந்து 1971இல் வெளிவந்தது. அத்தகைய செவிவழி ஆழமும் வெங்கரின் ஊர்வாரிப் பரப்பும் ஒன்றுசேர வேண்டும்.

திரட்டலில் முதலிடம் பெற வேண்டியவை பயிர்ச்சொற்கள். சாமையில் மல்லியச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, திருகுலச் சாமை. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்கன் தினை. கேழ்வரகில் சட்டைக் கேழ்வரகு, காரக் கேழ்வரகு எனப் பல வகைகளை இம்மக்கள் பிரித்தறிந்து பயிரிட்டனர். ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவியதும் சிறுதானிய நிலம் சுருங்கியது. விதைக்கப்படாத வகையின் பெயர் இளையோர் நாவில் நிற்பதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே இவ்விதைகளைக் காக்க நீண்டகாலம் பணியாற்றியுள்ளது. விதையோடு அதன் பெயரையும், விதைப்பு முதல் குத்துவது வரையிலான வினைச்சொற்களையும் பதிவு செய்வது மொழியியலாரின் கடமை.

கொல்லிமலைப் பேச்சு தனிமொழியா வழக்கா என்ற வினாவை அதன் பின்னரே எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மன்-டச்சு எல்லையின் இருபுறத்து ஊர்ப்பேச்சும் நெடுங்காலம் தொடர்ச்சியாகவே இருந்தது. தனி அரசும் தனி எழுத்துமொழியும் டச்சைத் தனிமொழியாக்கின. வட்டார மொழிகளுக்கான ஐரோப்பியப் பட்டயத்தை ஜெர்மனி 1998இல் உறுதி செய்து, அதன்கீழ் தாழ் ஜெர்மனை வட்டார மொழியாக ஏற்றபோது, நகரங்களில் அதைப் பேசும் இளையோர் அருகிவிட்டனர். ஏற்பு வந்தது, பேசுவோர் குறைந்த பின்னர். கொல்லிமலையில் அந்த வரிசை மாற வேண்டும்.

ஆகவே பணி மூன்று படிகளில் அமையும். ஒரே வாக்கியப் பட்டியலை ஒவ்வொரு நாட்டிலும் முதியோர், இளையோர், பெண்கள், ஆண்கள் ஆகியோரிடம் ஒலிப்பதிவு செய்வது முதற்படி. அதே பட்டியலைப் பச்சைமலை, சேர்வராயன், கல்வராயன், சவ்வாது மலைகளிலும் அடிவார ஊர்களிலும் கேட்டு ஒப்பிடுவது இரண்டாம் படி. மலைவாழ் மாணவர்களையே பயிற்சி பெற்ற ஆய்வாளராக்கி, தொகுத்த அகராதியை மலைப்பள்ளிகளுக்கு அளிப்பது மூன்றாம் படி.