அம்மா தடுக்கி விழுந்த ஒயர்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "ப்ரோ, பிஎஸ்5 வாங்கலாமா, எக்ஸ்பாக்ஸ் வாங்கலாமா?" இன்னைக்கு அதைப் பேசிடலாம். ஆனா, கன்சோலைவிட கன்ட்ரோலரைப் பத்திதான் அதிகம் பேசப் போறேன். காரணம், எங்க அம்மா.

முதல் வேலையில சேர்ந்த புதுசு. சின்ன வாடகை வீடு. டிவிக்கும் சோபாவுக்கும் நடுவுலதான் கிச்சனுக்குப் போற வழி. நான் ஒயர் கன்ட்ரோலரோட கேம்ல மூழ்கிக் கிடந்தேன். காபி டம்ளரோட வந்த அம்மா, ஒயர் காலில் மாட்டி விழுந்துட்டாங்க. மணிக்கட்டு எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. விழுந்த உடனே அவங்க கேட்டது, "உன் மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையேடா?" நான் அன்னைக்குத் தலை நிமிரல.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ரெண்டுமே 2020 நவம்பர்ல வந்தவை. ரெண்டிலும் ஏஎம்டி சிப், 8 கோர் சிபியு. பெரும்பாலான கேம்களில் படத்தைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 2017ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் வேற ஜாதி: பவர் குறைவு, ஆனா டிவியிலும் ஆடலாம், பஸ்ஸிலும் ஆடலாம். அதனால உங்களுக்குப் பிடிச்ச கேம் எதுல வருது, நண்பர்கள் எதுல ஆடுறாங்க, இதைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

வயர்லெஸ் கன்ட்ரோலர்னாலே "லேக் அடிக்கும்"னு ஒரு பயம் இருக்கு. அது பழைய பயம். 2002லேயே நின்டெண்டோ, கேம்க்யூபுக்காக வேவ்பேர்டுன்னு ரேடியோ அலையில் இயங்கும் கன்ட்ரோலர் கொண்டுவந்தது. டிவி ரிமோட் மாதிரி நேரா நீட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு கணக்கு சொல்றேன்: 60 எஃப்பிஎஸ்ல ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 16.7 மில்லிசெகண்ட். நல்ல வயர்லெஸ் கன்ட்ரோலர் எடுத்துக்கிறது அதுல ஒரு பங்குதான். படத்தை அழகாக்குறேன்னு டிவி செய்யும் தாமதம் பல நேரம் அதைவிட அதிகம். முதல்ல டிவியில கேம் மோடை ஆன் பண்ணுங்க.

உண்மையான வித்தியாசம் பேட்டரியில இருக்கு. பிஎஸ்5 டூயல்சென்ஸில் பேட்டரி உள்ளேயே இருக்கும். வில்லை இழுத்தா ட்ரிகர் விரலை எதிர்த்துத் தள்ளும். அந்த அனுபவம் அருமை. ஆனா பாதி ஆட்டத்தில் சார்ஜ் தீர்ந்தா கேபிளைச் சொருகணும். அதாவது, ஒயர் திரும்ப நடு ஹாலுக்கு வந்துடும்! எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு ரெண்டு ஏஏ பேட்டரி. பலர் இதைக் கிண்டல் பண்ணுவாங்க. நானோ ரீசார்ஜபிள் செல் நாலு வாங்கி, ரெண்டு போட்டு ரெண்டை சார்ஜர்ல வைக்கிறேன். அரை நிமிஷத்துல மாத்திடலாம். பழைய செல் செத்தாலும் கன்ட்ரோலர் சாகாது.

டிவி பக்கத்துலயே உட்கார்ந்து, தனி ரூம்ல, போட்டிக்கு ஆடுறவங்களுக்கு ஒயர் இன்னும் நல்ல சாய்ஸ்தான்: விலை கம்மி, சார்ஜ் கவலை இல்லை. ஆனா நாலு பேர் நடமாடுற ஹால்னா, வயர்லெஸ் ஆடம்பரம் இல்லை மக்களே.

எங்க வீட்டு ஹால்ல ஒயர் போய் நாலு வருஷமாச்சு. அம்மா இன்னும் அந்த இடத்தைத் தாண்டும்போது தரையைப் பார்த்து, காலைக் கொஞ்சம் தூக்கி வெச்சுத்தான் நடக்கிறாங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.