கொடையும் தன்மானமும்



செல்வ நாடுகள் தமக்கு மிகையான மருத்துவக் கருவிகளை வளரும் நாடுகளுக்குக் கொடையாக அனுப்புகின்றன. நோக்கம் நன்றே. ஆயினும், கருவி இருப்பதும் இயங்குவதும் ஒன்றல்ல. வறிய நாடுகள் 16-இன் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2011-இல் வெளிவந்த ஆய்வொன்று, அங்குள்ள கருவிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு இயங்காது கிடந்ததைக் காட்டிற்று. 110 வோல்ட் மின்சாரத்திற்கெனச் செய்த கருவி 230 வோல்ட் நாட்டில் என் செய்யும்? உதிரி உறுப்பும், பழுது பார்ப்போரும் இல்லையேல் அது வெறும் இரும்பே.

ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் 2000-இல் நெறிமுறைகள் வகுத்தது. பெறுவோரின் விருப்பம் மதிக்கப்பட வேண்டும். தரத்தில் இருவேறு அளவுகோல் கூடாது. தனக்கு ஆகாதென்று கழித்ததைப் பிறர்க்குக் கொடையென வழங்கலாகாது என்பதே இதன் பொருள்.

இந்நீதி நமக்குப் புதிதன்று. வீசியெறியும் எச்சில் உணவை ஏற்பதைக் கைவிடுங்கள் என 1927-இல் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் அறிவுறுத்தினாரன்றோ?

உதவியை நாம் வெறுக்க வேண்டா. நாளை நம் மாணவர்க்குப் பழைய கணிப்பொறிகள் வருமாயின், "இயங்குமா? பழுது பார்க்கக் கற்பிப்பீர்களா?" எனக் கேட்டுப் பெறுவோம். இளைஞர்களே, அத்தொழிற்கல்வியைக் கற்பீர்! பெறும் கை, கருவியை ஆளும் கையாகட்டும்.