தண்ணீருக்கும் ஓர் இடம் வேண்டும்

 

மும்பையில் உள்ள தாராவியைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் குறைவு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பலர் அங்கே தோல் பதனிடும் வேலைக்குப் போனார்கள். பக்கத்தில் மாட்டுங்கா, செம்பூர். அங்கும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள்.

அந்தத் தாராவி முன்பு எப்படி இருந்தது? அது ஒரு மீனவர் கிராமம். கோலி என்னும் மீனவ மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். சுற்றிலும் சேறும் சதுப்பும்தான். விகார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் மித்தி ஆறாக வருகிறது. அது சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியின் ஓரமாக மாகிம் கழியில் சேர்கிறது. அங்கிருந்து கடலுக்குப் போகிறது.

சதுப்பு நிலம் என்றால் என்ன? 'வெறும் சேறு, கொசு, நாற்றம்' என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மழை கொட்டும்போது சதுப்பு நிலம் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு மெதுவாக விடும். பல வகை மீன், இறால், நண்டுக் குஞ்சுகள் வளர்வது அங்கேதான்.

அந்தச் சேற்றில் வளர்வது அலையாத்தி மரம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரத்தில் இருக்கிறதே, அதே வகைக் காடுதான். அலையின் வேகத்தை ஆற்றுவதால் அந்தப் பெயர். அதன் வேர்கள் மண்ணை அள்ளிப் பிடித்துக்கொள்ளும். கடல் கரையை அரிக்க விடாது.

இப்படிப்பட்ட நிலத்தை யார் மூடினார்கள்? 'குடிசைக்காரர்கள்தான்' என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. பிழைக்க வந்த ஏழைக்கு நகரம் வேறு இடம் தரவில்லை. அவன் குப்பையையும் மண்ணையும் கொட்டிச் சேற்றை மேடாக்கிக் குடிசை போட்டான். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் நடந்தது என்ன? 1970-களுக்குப் பிறகு பாந்திரா - குர்லா பகுதியில் பள்ளமான சதுப்பு நிலம் மேடாக்கப்பட்டது. அங்கே வங்கிகளும் பெரிய அலுவலகங்களும் எழுந்தன. ஆறு குறுகியது.

2005 ஜூலை 26. மும்பையின் சாந்தாகுரூஸ் பகுதியில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் அது! கடலிலும் ஓதம் ஏறியிருந்தது. மழைநீர் கடலுக்குள் போக வழியில்லை. ஒதுங்கி நிற்கச் சதுப்பும் போதவில்லை. மித்தி ஆறு கரை உடைந்து வீடுகளுக்குள் புகுந்தது. நகரில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவ்வளவு மழை பெய்தால் எந்த ஊரும் தவிக்கும். ஆனால் தண்ணீரின் இடத்தைப் பறித்ததால் துன்பம் பல மடங்கானது.

இந்த வெள்ளத்துக்கு முன்பே சில குடிமக்கள் விழித்துக்கொண்டிருந்தார்கள். பம்பாய் சுற்றுச்சூழல் செயல்பாட்டுக் குழு என்ற அமைப்பு 2004-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2005 அக்டோபர் 6 அன்று நீதிமன்றம் ஓர் இடைக்கால ஆணை போட்டது. மகாராஷ்டிர மாநிலம் முழுவதும் அலையாத்தி மரங்களை வெட்டக் கூடாது. அங்கே கட்டட இடிபாடுகளைக் கொட்டக் கூடாது. காட்டைச் சுற்றி 50 மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது. 2012-இல் இந்தக் காடுகளைக் காக்க வனத்துறையில் தனிப் பிரிவு வந்தது. 2018 செப்டம்பரில் இறுதித் தீர்ப்பு வந்தது. அலையாத்திக் காட்டை அழிப்பது மக்களின் உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்றது நீதிமன்றம். தொடங்கி முடிய 14 ஆண்டுகள்!

தாராவியின் ஓரத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. அங்கே நகரத்துக் குப்பையைக் கொட்டிய இடம் ஒன்று இருந்தது. மொத்தம் 37 ஏக்கர். குப்பை கொட்டுவது நின்ற பிறகு அங்கே மரம் வளர்த்தார்கள். 1983-இல் பறவை அறிஞர் சாலிம் அலி முதல் கன்றை நட்டார். 1994-இல் அது மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குப்பைமேடு காடானது. பறவைகள் வந்தன. ஆற்றோரம் அலையாத்தி நிற்கிறது.

பிறகு தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தது. பூங்கா நிலமும் அதில் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. வனசக்தி என்ற அமைப்பு நீதிமன்றம் சென்றது. பூங்கா திட்டத்தில் சேராது என்று 2023-இல் நீதிமன்றத்தில் உறுதி சொல்லப்பட்டது.

தாராவி மக்களுக்கு நல்ல வீடு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் தண்ணீரின் இடத்தில் கட்டிய வீட்டில் தண்ணீர்தான் முதலில் குடியேறும். மேட்டில் இருப்பவன் தப்பிப்பான். பள்ளத்தில் இருக்கும் ஏழைதான் அரிசியையும் பாயையும் இழப்பான். ஆகவே சதுப்பைக் காப்பது பறவைக்காக மட்டும் அல்ல, ஏழையின் வீட்டுக்காகவும்தான்.

வெற்றி கிடைத்துவிட்டது என்று உட்கார முடியாது. 2022 டிசம்பரில் புல்லட் ரயிலுக்காகச் சுமார் 20,000 அலையாத்தி மரங்களை வெட்ட அதே உயர் நீதிமன்றம் அனுமதி தந்தது. பொது நன்மைத் திட்டம் என்று காட்டினால் வெட்ட வழி உண்டு. ஆகவே ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

கேள்வி கேட்க என்ன தேவை? எழுத்து தேவை. ராத்திரியில் லாரி வந்து சதுப்பில் மண் கொட்டுகிறதா? நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதி வையுங்கள். படம் எடுங்கள். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மாநகராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். மனு பெற்றதற்கு ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள்.

கைநாட்டு வைத்த காலத்தில் நிலம் யார் பேரில் எழுதப்பட்டது என்றே தெரியாமல் போனது. இப்போது படிக்கத் தெரியும். ஊர்க் குளமானாலும் கடலோரச் சதுப்பானாலும் அதன் காகிதத்தைப் படித்துப் பாருங்கள். தண்ணீருக்கு வாய் இல்லை. அதற்காக ஊர்தான் பேச வேண்டும்.