நின்றதா? நிறுத்தினாயா?

நடுவர் ஐயா அவர்களே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஆங்கிலத்தில் நம்மைத் தடுமாற வைப்பது சொல் பஞ்சமா, இலக்கணமா? இலக்கணம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மையார் என்ன சொன்னார்? "நூறு சொல் கையில் இருந்தால் லண்டனில்கூடப் பிழைத்துக்கொள்ளலாம், வாட்டர் என்றால் தண்ணீர் வந்துவிடும்" என்றார். வரும்மா, தண்ணி வரும். அந்தத் தண்ணியைக் கொட்டினது யாருன்னு ஒருத்தன் கேட்டா என்ன செய்வீங்க? (சிரிப்பு)

கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்த கதையையும் சொன்னார். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அவை நாம் கொடுத்தவை. நாம் வாங்குகிற இடத்தில்தானே சிக்கல்?

லண்டன் எதுக்கு ஐயா? இந்தச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் விடியற்காலை நின்று பாருங்கள். ரயிலை விட்டு இறங்கி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான் வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கா சொல் பஞ்சம்? பேரிங், டார்க், கேஜ், கன்வேயர் என்று அவர்கள் சரளமாகப் பேசுகிற ஆங்கிலச் சொற்கள் டாக்டர் பட்டம் வாங்கிய எனக்கே தெரியாது. (கைதட்டல்)

என்னிடம் படித்த பையன் ஒருவன். ஒரு தொழிற்சாலையில் வேலை, பேர் வேண்டாம். இரவு ஷிஃப்டில் பெல்ட் அறுந்து இயந்திரம் தானாக நின்றுவிட்டது. ஷிஃப்ட் புத்தகத்தில் ஆங்கிலத்தில் எழுதணும். தமிழில் என்றால் "நின்னுடுச்சு" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பான். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் கிடையாது என்று எவரோ சொன்னது ஞாபகம் வந்தது. எழுவாய்க்கு எங்கே போவான்? கைக்கு அருகில் இருந்தது 'ஐ'. எழுதினான்: "ஐ ஸ்டாப்டு தி மெஷின். பெல்ட் ப்ரோக்கன்."

முடிந்தது கதை! நான்தான் இயந்திரத்தை நிறுத்தினேன் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். யாரைக் கேட்டு நிறுத்தினாய், பெல்ட் எப்படி அறுந்தது என்று மெமோ. ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். நடுவர் ஐயா, அந்த வாக்கியத்தில் அவனுக்குத் தெரியாத சொல் எது?

ஞாயிற்றுக்கிழமை மெமோவோடு வீட்டுக்கு வந்தான். அவன் அம்மாவும் கூட வந்தார்கள். அந்த அம்மா வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் அகராதியை எடுக்கவில்லை. "தன்வினை, பிறவினை படிச்சியே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "நின்றான், நிறுத்தினான். ஓடினான், ஓட்டினான். திரும்பினான், திருப்பினான்" என்று ஒப்பித்தான். "இந்த ரெண்டுக்கும் ஆங்கிலத்தில் என்ன?" முழித்தான். ஸ்டாப்டு, ஸ்டாப்டு! டர்ன்டு, டர்ன்டு! நாம் வினைச்சொல்லிலேயே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறோம். ஆங்கிலக்காரன் இந்த வினைகளில் அதை இடத்தில் வைத்திருக்கிறான். வினைக்கு முன்னால் யார் நிற்கிறார், பின்னால் ஒன்று நிற்கிறதா இல்லையா, அவ்வளவுதான். மெஷின் முன்னால் நின்றால் தானாக நின்றது. 'ஐ' முன்னால் வந்து மெஷின் பின்னால் போனால், நிறுத்தியவன் நீ! நமக்கு 'ஐ' என்பது இரண்டாம் வேற்றுமை உருபு, செயப்படுபொருளில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே 'ஐ'தான் குற்றவாளிக் கூண்டில் முதல் ஆள்! (சிரிப்பு, கைதட்டல்)

நம்ம ஊர் நரசிம்மர் மலையைக் குடைந்த சன்னதிக்குள் இருக்கிறார். அவரை வலம் வரணும்னா மலையையே சுற்றியாகணும். ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான். ஸ்டாப் என்ற ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிய வாக்கியத்தையே ஒரு சுற்றுச் சுற்றணும். அம்மையார் வாசலில் நின்று கற்பூரம் ஏற்றிவிட்டு வந்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "மூணு வருஷமா இங்கே வேலை செய்றேன்" என்பதை நம் பிள்ளைகள் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்கிறார்கள். 'செய்றேன்' நிகழ்காலம் அல்லவா, அப்படியே தூக்கிக்கொண்டு போகிறார்கள். தப்பு என்று தெரிந்து இன்னொருவன் "ஐ வொர்க்டு ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றான். இலக்கணம் சரி, ஆனால் வேலையை விட்டுவிட்டான் என்று அர்த்தம்! நடுவில் 'ஹேவ்' என்ற குட்டிச் சொல் இருந்திருந்தால் இன்னும் வேலையில் இருக்கிறான். 'ஹேவ்' தெரியாதவன் யார்? எங்கே வைப்பது என்பதுதானே தெரியவில்லை!

மணி அடித்துவிட்டார்கள். அந்தப் பையன் பதிலை அவனேதான் எழுதினான். "தி பெல்ட் ப்ரோக் அண்ட் தி மெஷின் ஸ்டாப்டு." புதிதாக மனப்பாடம் செய்த சொல் ஒன்றும் இல்லை, இருந்த 'ஐ'யை எடுத்தான். மெமோவை மூடிவிட்டார்கள். போன ஒரு வாரச் சம்பளம் போனதுதான், வரவில்லை. அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் நடுவர் ஐயா. வணக்கம்.