தைலக் குப்பிக்குள் என்ன?

குழந்தைக்குச் சளி என்றதும் நம் கை தேடுவது தைலக் குப்பியைத்தான். "இலை மருந்துதானே, என்ன கெடுதல்?" என்கிறோம். அது சரிதானா?

பல வீடுகளில் உள்ள புலி மார்க் தைலத்தையே எடுத்துக்கொள்வோம். 1926-இல் ரங்கூனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ஆ பூன் ஹா, சைனாடவுன் நீல் சாலையில் அதற்கு ஆலை வைத்தார். கட்டடம் இன்றும் நிற்கிறது. அத்தைலத்தில் சேரும் பொருள்களுள் ஒன்று கையாப்புடை எண்ணெய். அம்மரத்தை மலாய் மொழியில் கெலாம் என்பர். சிங்கப்பூரின் கம்போங் கிளாம் அதனால் பெற்ற பெயரே.

இலைகளினூடே நீராவியைச் செலுத்தினால் எண்ணெயும் ஆவியாகி உடன் வரும். குளிரவைத்தால் நீரின்மேல் மிதக்கும். அதில் ஒரு துளியினும் சிறிய அளவை வாயு நிறப்பகுப்பி என்னும் கருவியில் இட்டு ஆவியாக்கி, மயிரிழை போன்ற நீண்ட குழாய் வழியே அனுப்புவார்கள். கலந்திருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். அதைக்கொண்டு இன்ன பொருள், இவ்வளவு என்று கணக்கிடலாம். கையாப்புடையில் மிகுதியாக இருப்பது சினியோல். நீலகிரியில் யூகலிப்டஸ் இலையிலிருந்து வடிக்கும் தைலத்திலும் அதுவே மிகுதி.

ஆகவே, இலையிலிருந்து வந்தாலும் இது வீரியமுள்ள இரசாயனப் பொருளே. விழுங்கினால் குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இத்தைலங்களைத் தடவ வேண்டாம். குப்பியை எட்டாத உயரத்தில் வைப்போம். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குப்பியையும் கையோடு கொண்டுபோனால், உள்ளே சென்றது என்னவென்று டாக்டருக்கு அதன் சீட்டே சொல்லிவிடும்.